ஜவளகிரிச் சாலையில் நின்றுபோன கார்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது, என் கணவருக்கு ஐம்பது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒருவர் வெளிநாடு போகிற அவசரத்தில் விற்ற வண்டி. அடர்ந்த சாம்பல் நிறம், தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, டர்போ இஞ்சின். ஆக்சிலேட்டரைத் தொட்டாலே முதுகைப் பிடித்து சீட்டோடு அழுத்தும் என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவின் மேலாளர். வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். ஆகவே கார் வாரம் முழுக்கப் போர்வை போர்த்திக்கொண்டு வீட்டு ஷெட்டில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து, சர்ச்சுக்குப் போய், ஜூஜுவாடிப் பக்கம் லாரிகளின் நடுவே ஊர்ந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து வைப்பார்.

அதை வாங்குவதற்காக எங்கள் பழைய சின்னக் காரைக் கொடுத்துவிட்டோம். அந்தச் சின்னக் காரை ஓட்டியது நான்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, மாமியாரை சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, சர்ச்சின் மாதர் ஐக்கியக் கூட்டத்துக்கு நான்கு பெண்களை அடைத்துக்கொண்டு போனது எல்லாம் நான். புதுக் கார் வந்த அன்று சாவிக்குக் கை நீட்டினேன். அவர் சிரித்தார்.

"இது உனக்கு ஒத்து வராதும்மா. பிக்கப் ஜாஸ்தி. கையை மீறிப் போயிடும்."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் இடது பக்கத்து சீட்டுக்காரி ஆனேன். ரோஜா ஏற்றுமதி செய்கிற ஒரு பண்ணையில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே போக ஸ்கூட்டர் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் தடவை எடுத்தது மழையால். ஸ்கூட்டர் கிளம்பவில்லை, ஆடிட்டர் வருகிற நாள். அலமாரியில் சாவி இருந்தது. போர்வையை உருவி, வண்டியைத் தெருவுக்கு எடுத்தேன். தெருமுனை தாண்டியதும் பயம் போய்விட்டது. மாலையில் திரும்பி வந்து, போர்வையை எந்த மடிப்பு எங்கே இருந்ததோ அப்படியே போட்டேன். எரித்த பெட்ரோலை வழியிலேயே நிரப்பியிருந்தேன். கிலோமீட்டர் எண்ணை அவர் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். அவர் இஞ்சின் சத்தத்தைக் கேட்கிற மனிதர், எண்களைப் பார்க்கிறவர் அல்ல.

மறுபடி எடுக்க மழை தேவைப்படவில்லை. முதலில் கெலவரப்பள்ளி அணை வரைக்கும். பிறகு தளி ரோடு. பிறகு தளியைத் தாண்டி ஜவளகிரி. பண்ணையில் வேலை குறைவான நாட்களில் மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வருவேன். தளி தாண்டினால் பிளாஸ்டிக் கூடாரம் போட்ட பூந்தோட்டங்கள் குறைந்து கேழ்வரகுக் காடு வரும். அதற்கப்புறம் யானை கடக்கும் இடம் என்று எழுதிய பலகைகள். மத்தியானத்தில் அந்த ரோடு காலியாக இருக்கும். அங்கேதான் காலை அழுத்துவேன். டர்போ ஒரு மூச்சு இழுக்கும், அதற்குள் மரங்கள் பின்னால் போயிருக்கும். என் வாயிலிருந்து சத்தம் வரும். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, ஒரு சின்னப் பெண்ணின் கூச்சல். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்க மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவரின் கார் வீட்டு வாசலிலிருந்து திருடு போனது. அதுவும் வேகமான வண்டிதான். விடிந்து பார்த்தால் இல்லை. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனது கேமராவில் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. நம்பர் பலகையை மாற்றிவிட்டால் கர்நாடகத்தில் எந்தக் கார் எந்தக் கார் என்று யார் கண்டார்கள்? அன்று சாயங்காலமே என் கணவர் சொன்னார்: "நம்ம வண்டிக்கும் ஒரு டிராக்கர் போட்டுடலாம். எங்க போனாலும் போன்ல காட்டும். இஞ்சினையே போன்லருந்து நிறுத்தலாமாம்."

மறுநாள் பண்ணையில் உட்கார்ந்து, டிராக்கருக்கு எதிராக என்னென்ன சொல்லலாமோ எல்லாவற்றையும் தேடிப் படித்தேன். சாயங்காலம் காபி கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"வாரண்டி இன்னும் பாக்கி இருக்குங்க. வயரிங்ல கை வெச்சா கேன்சல் பண்ணிடுவாங்க."

"ஓரமா ஒரு கனெக்ஷன் எடுக்கறதுதானே."

"இந்த மாதிரி வண்டில எல்லாம் கம்ப்யூட்டர். ஒரு வயர் மாறினாலும் மக்கர் பண்ணும். அதுவும் நாம வாரத்துக்கு ஒரு தரம்தான் எடுக்கறோம். சும்மா நிக்கற வண்டில அந்தக் கருவி பேட்டரியை உறிஞ்சிடும். சிக்னல் இல்லாத எடத்துல வேலை செய்யாது. திருடறவன் சிக்னலை அடைக்கற மெஷினோட வருவான். கெட்டியா ஒரு ஸ்டியரிங் பூட்டு போட்டா போதாதா?"

நான் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் கூசுகிறது. அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "அட, வண்டி மேல உனக்கு இவ்ளோ அக்கறையா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஸ்டியரிங் பூட்டு ஒன்று வாங்கி வந்து, அதன் இன்னொரு சாவியை என்னிடமே கொடுத்தார்.

விட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சில வாரம் கழித்து, கார் திருடு போனவர் பேசிப் பேசி அவர் மனதை மாற்றியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை, நான் மாதர் ஐக்கியக் கூட்டத்தில் இருந்தபோது, ஆள் வந்து டாஷ்போர்டுக்கு உள்ளே கருவியைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறான். பொருத்திய இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டில்கூடச் சொல்ல வேண்டாம், பேச்சுவாக்கில் வெளியே போய்விடும் என்று அவன் சொல்லியிருக்கிறான். வண்டி ஓடும்போது மட்டும் இஞ்சினை நிறுத்தும் பட்டனைத் தொடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறான். என் கணவர் முதல் பேச்சை மட்டும் கேட்டார்.

அடுத்து நான் வண்டியை எடுத்தது ஒரு புதன்கிழமை. தலைவலி என்று பண்ணையில் சொல்லிவிட்டு வந்தேன். வானம் மூடி, காற்று குளிர்ந்திருந்தது. தளி தாண்டி, ஜவளகிரி தாண்டி, காட்டை ஒட்டிய ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். அன்று ஓட்டியதுபோல் அதற்குமுன் ஓட்டியதில்லை. அந்தப் பக்கம் போனில் சிக்னல் வராது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

தொழிற்சாலையில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கார் நகர்கிறது என்று அவர் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. ஏதோ கூட்டத்தில் இருந்தவர், வெளியே வந்து பார்ப்பதற்குள் கார் தளியைத் தாண்டியிருக்கிறது. எனக்குப் போன் போட்டார், கிடைக்கவில்லை. பண்ணைக்குப் போட்டார். தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாரே என்றார்கள். பக்கத்து வீட்டுக்குப் போட்டார். ஷெட் கேட் திறந்திருக்கிறது, கார் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது, கூப்பிட்டால் ஆள் இல்லை என்றார்கள். போலீசுக்குச் சொன்னார். அதற்குள் திரையில் இருந்த புள்ளி ஜவளகிரிக் காட்டோரம் அசையாமல் நின்றுவிட்டது. சிக்னல் போனதால் நின்ற புள்ளி அது. அவருக்கு அது தெரியவில்லை. இஞ்சினை நிறுத்தும் பட்டனை அமுக்கினார். நான் சிக்னலுக்குள் திரும்பி வரும்வரை அந்தக் கட்டளை எங்கேயோ காத்துக்கொண்டிருந்தது.

ஒரு வளைவில் ஏறும்போது இஞ்சின் செத்தது. விளக்குகள் எரிந்தன, சத்தம் மட்டும் இல்லை. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் முதலில் பிடித்தது, அப்புறம் கட்டை மாதிரி இறுகிக்கொண்டது. எதிரே வண்டி வராதது கடவுள் கிருபை. ரோட்டை விட்டு இறங்கி, ஒரு கேழ்வரகு வயலின் வரப்பில் முட்டி நின்றது. எனக்கு அடியில்லை. அப்போதுதான் பையில் இருந்த போன் விடாமல் கத்த ஆரம்பித்தது. எல்லாம் அவர் கூப்பிட்டுக் கிடைக்காமல் போனவை. யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்துக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்க? உனக்கு ஒண்ணுமில்லையே?" அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"நல்லாதான் இருக்கேன். என்னாச்சுங்க?"

"கார் இல்ல. கேட் தெறந்து கெடக்காம். ஜவளகிரி பக்கம் காட்டுது. உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு... போலீஸ் போயிட்டிருக்கு. இஞ்சினை ஆஃப் பண்ண அமுக்கிட்டேன். நீ எங்க இருக்க, சொல்லு."

"என்னங்க," என்றேன். பிறகு சொன்னேன்: "வண்டில நான்தான் இருக்கேன்."

"யாரு கூட?"

"யாரும் இல்ல. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

தொழிற்சாலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "நான் அமுக்கினப்ப வண்டி ஓடிட்டிருந்துதா?" என்றார். ஆமாம் என்றேன். அங்கேயே இரு, வரேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வயலில் இருந்த ஒரு பெண் அரிவாளோடு வந்து நின்றாள். "ஏனம்மா, ஏனாயித்து?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டாள். வண்டி நின்றுவிட்டது என்றேன். பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். பைக்கில் போனவர்கள் நின்று, அந்தக் கார் எத்தனை வேகம் போகும் என்று பேசிக்கொண்டார்கள். எல்லோரும் எனக்கு உதவத்தான் நின்றார்கள். ஒருவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். அரிவாளோடு வந்தவள் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அந்த நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது.

இறங்கிய கான்ஸ்டபிள் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டி திருட்டுப் போயிடுச்சுன்னு கம்ப்ளெயிண்ட் வந்துகிது மேடம். நீங்க யாரு?"

"வண்டி ஓனரோட வொய்ஃப்."

"வொய்ஃபா? அவரே தாம்மா கம்ப்ளெயிண்ட் குடுத்துகிறாரு."

கூட்டத்துக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. தண்ணீர் கொடுத்தவள் பக்கத்தில் இருந்தவரிடம், "யாரு, கள்ளியா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அவள் பாட்டில் இன்னும் என் கையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. குடித்து முடி என்று சைகை காட்டினாள். அதற்கு நான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். முடியவில்லை.

புகாரை முடித்து எழுத வேண்டும் என்று ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கித் தந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையோடுதான் அந்தக் கேள்வியும் வந்தது.

"இந்தப் பக்கம் யாரைப் பாக்க வந்தீங்கம்மா?"

"யாரையும் இல்ல சார்."

"சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு, வீட்டுல சொல்லாம, இவ்ளோ தூரம்?"

சும்மா ஓட்ட வந்தேன் என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. நடு வயதில் ஒரு பெண், லீவு சொல்லிவிட்டு, கணவனுக்குத் தெரியாமல், காட்டோர ரோட்டுக்கு எதற்கு வருவாள் என்று அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அது தப்பு என்று நிரூபிக்க வேண்டுமானால் வேகமாக ஓட்டுவது எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை ஒரு போலீஸ் ஸ்டேஷனில், சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு போகிற கதர்ப் புடவையோடு உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கள்ளத் தொடர்பைவிட அது அசிங்கம் என்று எப்படி ஒரு மனுஷிக்குத் தோன்றும்? தோன்றியது.

என் கணவர், டிராக்கர் பொருத்திய ஆளோடு, தொழிற்சாலை நண்பர் ஒருவரின் வண்டியில் வந்து சேர்ந்தார். உள்ளே வந்தவர் முதலில் என்னிடம் வந்து, என் கையை, முழங்கையை, நெற்றியைப் பார்த்தார். பிறகு சப் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார்.

"என் தப்புதான் சார். காலைல எடுத்துட்டுப் போன்னு நான்தான் சொல்லியிருந்தேன். வேலை டென்ஷன்ல மறந்துட்டேன்."

எனக்காகச் சொன்ன பொய். சப் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பொண்டாட்டிகிட்ட சாவி குடுத்தது மறந்துபோச்சா? சரி சார். இருந்தாலும் எதுக்கு இந்தப் பக்கம் வந்தாங்கன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கறாங்க."

என் கணவர் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். திரையில் ஓசூரிலிருந்து கிளம்பி, ஜவளகிரி தாண்டிப் போய்த் திரும்பிய சிவப்புக் கோடு. கருவி சிக்னல் இல்லாதபோதும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து அனுப்பியிருக்கிறது.

"பாருங்க சார். எங்கயும் நிக்கல. ஒரு நிமிஷம்கூட எங்கயும் நிக்கல. போயிருக்கா, திரும்பியிருக்கா. அவ்ளோதான்."

சப் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். விரலால் நகர்த்தினார். ஓரிடத்தில் அவர் புருவம் ஏறியது. "இது அம்மா ஓட்டின வேகமா?" என்று கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. பொருத்திய ஆள், "இவ்ளோ போயிருக்கீங்களா மேடம்?" என்றான் மரியாதையாக. என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆகவே என்னைக் காப்பாற்றியது அந்தக் கருவிதான். வேண்டாம் என்று நான் வாதாடிய அதே கருவி, நான் யாரையும் சந்திக்கவில்லை என்று சாட்சி சொன்னது. ஆனால் அந்த அறையில் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. எங்கேயும் நிற்கவில்லை என்று அவர் அத்தனை உறுதியாகச் சொன்னார் என்றால், வரும் வழியில் அதை அவர் பார்த்திருக்கிறார். எங்கே நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று தேடிப் பார்த்திருக்கிறார். இருபத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவர். அவரை அப்படித் தேட வைத்தது நான். அதை எழுதும்போது இப்போதும் முகம் எரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பிடவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "எத்தனை நாளா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மழை நாள், அணை, தளி ரோடு, போர்வை மடிப்பு. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டேங்க. மொத நாளே கேட்டேன்."

அவருக்கு நினைவில்லை. யோசித்துப் பார்த்தார். நினைவு வந்தபோது அது அவர் முகத்தில் தெரிந்தது. "நான் ஒரு பட்டனை அமுக்கி உன்னைக் கொன்னிருப்பேன்," என்றார். வலது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி சர்ச்சுக்குப் போயிருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஜெபம் முடிந்ததும் பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து, "மனசுல ஏதாச்சும் பாரம் இருந்தா சொல்லும்மா," என்றார். அவரும் ஜவளகிரியில் ஒரு ஆளைத்தான் கற்பனை செய்துகொண்டிருந்தார். பாரம் இல்லை என்றேன். வெளியே வந்தபோது என் கணவர் காரருகே நின்று, எல்லோரும் பார்க்க, சாவியை என் பக்கம் நீட்டினார். நல்ல மனதோடுதான் நீட்டினார். மாதர் ஐக்கியம் மொத்தமும் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தது. நான் வாங்கவில்லை. சுற்றிப் போய் இடது பக்கம் உட்கார்ந்தேன். நீட்டிய கையோடு அவர் கொஞ்ச நேரம் நின்றார். அதைச் செய்திருக்க வேண்டாம் நான்.

இஞ்சினை நிறுத்தும் வயரை அந்த வாரமே எடுக்கச் சொன்னார். இடத்தைக் காட்டுகிற பகுதி இருக்கிறது. இப்போது அந்தச் செயலி என் போனிலும் இருக்கிறது. டிராக்கர் போடலாமா என்று பண்ணையில் ஒரு பெண் கேட்டாள், அவள் தம்பி புதிதாக ஒரு வேகமான வண்டி வாங்கியிருக்கிறான். போடலாம், திருட்டுப் போனால் தேட ஒரு வழியாவது இருக்கும் என்றேன். பேட்டரியைக் கவனிக்க வேண்டும், ஓடுகிற வண்டியை நிறுத்துகிற வேலை வேண்டாம், காட்டுப் பக்கம் போனால் காட்டுவது பழைய இடமாக இருக்கும் என்றேன். வீட்டில் சாவி யார் யார் கைக்குப் போகுமோ அவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போடச் சொல் என்றும் சொன்னேன். அவளுக்குக் காரணம் தெரியும். தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவர் தானாகவே இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "அந்த ரோடு எப்படி இருக்கும்னு காட்டு," என்றார். நான் வலது பக்கம் ஏறினேன். தளி வரைக்கும் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். தளி தாண்டியதும் விட்டுவிட்டார். கேழ்வரகு அறுத்து முடிந்து நிலம் வெறுமையாக இருந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை.

"இங்கதானா?"

"ஆமா."

"சரி, போ."

நான் ஆக்சிலேட்டர்மேல் காலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. முள் நாற்பதில் நின்றது. மறுபடி முயன்றேன். பின்னால் வந்த ஒரு மினி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அதில் இருந்தவர்கள் திரும்பி, இந்தக் காரை வைத்துக்கொண்டு ஏன் இப்படிப் போகிறார்கள் என்று பார்த்தார்கள். அவர் ஜன்னலை இறக்கிவிட்டு, வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.